ஜங்ஷனில் கொடுத்த போன்

எல்லையில் சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகும், ராணுவத்தில் இருந்த எங்கள் மகனிடமிருந்து போன் வரவில்லை. அவன் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம், "தகவல் வந்தா சொல்றோம், வீட்டுக்குப் போங்க" என்றார்கள். வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா?

அவன் அழைப்பது என் நம்பருக்குத்தான். அந்த போனை நான் யாரையும் தொட விடவில்லை. அவன் கூப்பிடும் நேரத்தில் பிஸியாக இருந்துவிட்டால்? என் தங்கை ஆறுதல் சொல்லக் கூப்பிட்டால்கூட, "வச்சிடு, வச்சிடு" என்று விரட்டினேன். அவளுக்கு வருத்தம்தான்.

என் கணவர் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். மகனின் பெயர், படைப்பிரிவு, இருந்த இடம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் முத்து முத்தாக எழுதினார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போவோம். வடக்கிலிருந்து வரும் ரயிலில் லீவுக்கு வந்து இறங்கும் சிப்பாய்களிடம் அட்டையைக் காட்டுவோம்.

மூன்றாம் நாள் ஒரு சிப்பாய் அட்டையைப் பிடுங்கி, எழுத்து யார் கண்ணிலும் படாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "சார், யார் எங்க இருக்காங்கன்னு இப்படி ஊருக்கே காட்டலாமா? அவருக்குத்தான் ஆபத்து."

என் கணவருக்கு முகம் சுண்டிப்போனது. இதுகூடத் தோன்றவில்லையே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவன் குரலைத் தணித்தான். "அங்க நிறைய பேர்கிட்ட இப்ப போன் இல்லம்மா. என்னுதும் உடைஞ்சு போச்சு. நான் இருக்கேனா இல்லையான்னுகூட எங்க அம்மாவுக்குத் தெரியாது. ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

என் கை போனை இறுக்கிப் பிடித்தது. பொய் சொல்வானேன், மாட்டேன் என்றுதான் மனசு சொன்னது. அப்புறம் கொடுத்துவிட்டேன். மறுமுனையில் ஒரு பெண் வீறிட்டு அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நானும் அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து அட்டை கிடையாது. போனை முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துப் போனோம். தேவைப்பட்ட சிப்பாய்களுக்கெல்லாம் கொடுத்தோம். கொடுக்கும்போதெல்லாம், "சீக்கிரம் பேசிடுப்பா" என்று சொல்லத்தான் செய்தேன்.

அப்படிக் கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள், ஒருவன் பேசி முடித்துத் திருப்பிக் கொடுத்த கையோடு போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"யார்கிட்டம்மா இவ்வளவு நேரம் பேசுற? எத்தனை தடவை ட்ரை பண்றது? பிஸி பிஸின்னே வருது!" என்று என் மகன் எரிந்து விழுந்தான்.

"திட்டுடா, நல்லா திட்டு" என்று சொல்லிவிட்டு, போனை அவன் அப்பாவின் காதில் வைத்தேன்.