செத்த ராசாவின் சொந்த ஊர்

நோர்மன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை அவருடைய மகள் ஹைக்கே போன் செய்து சொன்னார்.

உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த ஒரு கதை அவருடையது... அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் சேர்ந்து உருளைக்கிழங்கு உரித்தோம். நோர்மன் ஆங்கிலேயர். பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இங்கே வந்து, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியில்தான்.

இடைவேளையில் ஏப்ரனைத் திருப்பிக் கட்டினால் போதும், மனிதர் தன் ஊர்ச் சனமாக மாறிவிடுவார். பரிசு வாங்கிய பூசணிக்காயைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர், பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் வேண்டுமென்றே தும்முகிறவர்...

அவருடைய ஊரில் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, ஆண்கள் கடதாசிக் கீலங்கள் தைத்த சட்டையோடு மதுக்கடை மதுக்கடையாகப் போய் ஒரு நாடகம் ஆடுவார்களாம். சண்டையில் ஒரு வீரன் சாவான். வைத்தியன் வந்து போத்தலிலிருந்து இரண்டு துளி விடுவான். செத்தவன் எழும்ப வேண்டும்.

ஒரு வருடம் எழும்பவில்லை. குடித்த குடியில், நெருப்புக்குப் பக்கத்துச் சூட்டில், உண்மையாகவே நித்திரையாகிவிட்டான். வைத்தியன் முழுப் போத்தலையும் கவிழ்த்துப் பார்த்து, "இந்த ஊரில வேற வைத்தியர் இல்லையோ?" என்று சபையைக் கேட்டான். குறட்டைதான் பதில்.

கடைசியில் பின்னாலிருந்து செத்தவனின் மனைவி: "எழும்பிறியோ, இல்லாட்டி உன்ர சாப்பாட்டை நாய்க்குப் போடட்டோ?"

செத்தவன் வாளையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

நோர்மன் அகப்பையை வாளாகப் பிடித்து, கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் விழுந்து அதை நடித்துக் காட்டியபோது சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஓம்... நான் எழுதிய அந்தக் கூத்துக் கதைதான்.

கதையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், மதுக்கடையைத் தவறணையாக்கினேன். பியரைக் கள்ளாக்கினேன். வைத்தியனைப் பரிகாரியாக்கினேன். செத்த வீரனை ராசாவாக்கி, அவனுக்கு என் பெரியப்பாவின் பெயரையும் வைத்தேன். பெரியப்பா பாவம், கூத்து நடக்கும் பக்கமே போகாதவர்.

அவசரத்தில் நெருப்பை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். ஒரு தம்பி கமெண்டில் பிடித்துவிட்டார்: "அண்ணை, யாழ்ப்பாணத்தில தவறணைக்குள்ள ஆர் குளிர்காய நெருப்பு மூட்டினது?"

"அந்த வருசம் சரியான பனி, தம்பி" என்று பதில் போட்டேன். அதற்கும் ஹார்ட் விழுந்தது.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான்" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்... ஒரு இடத்தில்கூட நான் நோர்மன் என்ற பெயரை எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. தமிழ் தெரியாத மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற துணிவு. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

போன வருடம் இங்கத்தைத் தமிழ்ச் சங்க விழாவில் அதை மேடையில் செய்யச் சொன்னார்கள். பரிகாரி போத்தலைத் திறக்கும் இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன்... மூன்றாவது வரிசையில் நோர்மன். எங்களோடு வேலை செய்யும் செல்வி அக்கா கூட்டிவந்திருந்தார்.

ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாத மனிதர், ஒவ்வொரு இடத்திலும் சபைக்கு முந்திச் சிரித்தார்.

முடிந்ததும் சங்கத் தலைவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நோர்மனிடம் ஜெர்மன் மொழியில் சொன்னார்: "எல்லாம் இவற்ற சொந்த ஊர்க்கதை. உங்களுக்கு ஏதும் விளங்கினதோ?"

நோர்மன் என்னைப் பார்த்தார். "ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா நல்லாச் செய்தார்" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஒரு வடையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

பிறகு கார் நிறுத்தும் இடத்தில், நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது சொன்னார்: "கடைசி இடத்தில அவசரப்பட்டிட்டாய். என்ர அம்மா கத்துறதுக்கு முதல் இன்னும் கொஞ்சம் பொறுக்கோணும். முழுச் சனமும் அமைதியாகோணும்."

என்ர அம்மா.

அதுவரை அது யாரோ ஊரவர்களின் கதை என்று நினைத்திருந்தேன். தரையில் குறட்டை விட்டவர் நோர்மனின் அப்பா. நான் அந்த மனிதரை எடுத்துவிட்டு என் பெரியப்பாவின் பெயரை வைத்திருக்கிறேன்.

அவர் கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கோபிக்கவில்லை... அதனால் தப்பி ஓடிவிட்டேன். அவரோடு வராதபடி ஷிஃப்டைக்கூட மாற்றிக்கொண்டேன்.

நோய் வருத்தமாகிப் படுத்த பிறகும் நோர்மன் வாட்ஸ்அப்பில் எழுதினார்: "புதுக்கதை ஒண்டு இருக்கு. உனக்கெண்டு வச்சிருக்கிறன். வா."

எனக்கு டெர்மின் இருக்கிறது, நேரம் குறித்த இடத்துக்குப் போகவேண்டும் என்று பதில் எழுதினேன். ஒரு டெர்மினும் இருக்கவில்லை. அப்படி மூன்று முறை எழுதினேன். அந்தக் கதை என்னவென்று இனி எனக்குத் தெரியாது.

நேற்று ஹைக்கே போனை வைக்குமுன் கேட்டார்: "செத்தவன் எழும்பாத கதையை உங்களைப்போல ஆரும் சொல்லமாட்டினம் எண்டு அப்பா எப்பவும் சொல்லுவார். வியாழக்கிழமை, அடக்கம் முடிய, எங்களுக்கு அதைச் சொல்லுவீங்களோ?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

தயவுசெய்து கமெண்டில் என்னைத் தேற்ற வேண்டாம்.

பழைய பதிவில் இன்று அவருடைய பெயரைப் போட்டுவிட்டேன். பெரியப்பாவையும் தவறணையையும் எடுத்துவிட்டேன். நெருப்பை எடுக்கவில்லை, அது அங்கே உண்மையாகவே எரிந்தது.

போயிட்டு வாங்கோ, நோர்மன். வியாழக்கிழமை உங்கட அம்மா கத்துறதுக்கு முதல், நீங்க சொன்னமாதிரி, கொஞ்சம் பொறுக்கிறன்.