மீனுக்கு வேப்பிலைக் குளியல்

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கேன்வாஸ் தொட்டியில் திலாப்பியா மீன் வளர்க்கிறோம். நோய் அண்டாமல் இருக்கத் தீனியில் ஒரு சிட்டிகை வேப்பிலைப் பொடி கலப்பேன்.

அண்மையில் சில மீன்களின் உடம்பில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டியது நினைவுக்கு வர, ஒரு வாளி வேப்பிலையை அரைத்துத் தொட்டியிலேயே கரைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்து வாயைப் பிளந்தன. நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார்.

“என்னா போட்ட இதுல?”

“வேப்பிலைதாங்க. பையன இதுலதானே குளிப்பாட்டுனோம்?”

“அவன் குளிச்சிட்டு எழுந்து வந்துட்டான் லா. இதுங்க எங்க போகும்?”

இருவருமாக மீன்களை வலையில் அள்ளி, மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த தொட்டிக்கு மாற்றினோம். நல்லவேளை, பெரும்பாலானவை பிழைத்தன.

இப்போது தீனியில் அதே ஒரு சிட்டிகைதான். புள்ளி தெரிந்தால் மீன்வள அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன். ஆனாலும் தீனிக்கு மீன்கள் மேலே வரும்போதெல்லாம், வாயைத் திறப்பது பசிக்கா, மூச்சுக்கா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.