தலைமன்னார் நண்டு வாடியில் சொல்லாமல் விட்ட இரண்டாம் அடுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் சித்தியும் மன்னார் நகரை அடுத்த கீரியிலிருந்து தலைமன்னாருக்குப் போனோம். அங்குள்ள நண்டு வாடியில், அதாவது படகுகளில் வரும் நண்டை நிறுத்து வாங்கும் கொட்டிலில், எந்தக் கூடை எந்தப் படகில் வந்தது என்பதைப் பிளாக்செயின் என்ற, பிறகு யாரும் மாற்ற முடியாத இணையப் பதிவுச் சங்கிலியில் பதியும் சோதனை நடந்தது. சரிவந்தால் பதிவு வேலைக்கு ஒரு பெண்ணை எடுப்பார்கள். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வருடமாக ஃபோனில் பிளாக்செயின் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்றுதான் போனேன்.

மன்னார் பஸ் நிலையத்தில் காலை ஆறேகாலுக்கு ஏறினோம். முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஒரு மணித்தியாலப் பயணம். “பியரோ, கிராமமோ?” என்று கண்டக்டர் என்னைக் கேட்டார். முன்பு இந்தியாவுக்குக் கப்பல் போன துறைதான் பியர், தலைமன்னார் கிராமம் வேறு இடம், கேட்டு ஏறுங்கள். நான் சித்தியைப் பார்த்தேன்.

“பியர். இவளிட்டக் கேட்டா இந்தியாவுக்குத்தான் போய்ச் சேருவம்,” என்றார் சித்தி.

வாடியில் கூடைகளை ஒவ்வொன்றாக நிறுப்பார்கள். நிறுத்ததும் மூட மாட்டார்கள். பிழை என்று யாராவது சொன்னால் திரும்ப நிறுக்க வேண்டும். பிறகு எல்லாம் லொறியில் ஏறும், கொழும்புக்கு ஒரே ஒரு பில் போகும்.

அன்று மட்டும் ஒவ்வொரு கூடையின் பதிவும் தனித்தனியாகப் பிளாக்செயினின் பிரதான சங்கிலிக்குப் போனது. உலகம் முழுவதும் வரிசையில் நிற்கும் இடம் அது. பதிவுச் செயலியைக் காட்ட வந்த அண்ணாவின் ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாடியை நடத்தும் மெற்றில்டா அக்கா, “தம்பி, நண்டு செத்துப்போச்சு, உங்கட ஃபோன் இன்னும் சுத்துது!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“நெரிசல் அக்கா. கட்டணமும் ஏறிட்டுது,” என்றார் அந்த அண்ணா.

“கூடைக்குக் கூடை காசோ? எங்களுக்கு வேண்டாம் ராசா.”

“நான் காட்ட மட்டும்தான் வந்தனான். இதுக்கு வேற வழி ஆருக்கும் தெரியுமோ?”

எனக்குத் தெரியும். லேயர் டூ என்ற இரண்டாம் அடுக்கில் கூடைகளைச் சங்கிலிக்கு வெளியே பதிந்து, நூற்றுக்கணக்கானதைக் கட்டி, ஒரே பதிவாகப் பிரதான சங்கிலிக்கு அனுப்பலாம். கட்டணம் எல்லோருக்கும் பங்காகிவிடும், நெரிசலும் குறையும். அதில் ஒரு வகையில், பதிவு பிழை என்று காட்ட அவகாசமும் உண்டு. பாதுகாப்பு பிரதான சங்கிலியிலேயே இருக்கும். நான் கூடைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அண்ணா ஃபோனைப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“அந்த ஒரே லொறி, ஒரே பில் மாதிரித்தானே? ஏனடி அங்க சொல்லேல்ல?”

“அவர் படிச்சவர் சித்தி.”

“தெரியாமத்தானேடி கேட்டவர்!”

அடுத்த நாள் அந்த அண்ணாவுக்கு எழுதி அனுப்பினேன். “நல்ல யோசனை தங்கச்சி. ஆனா இங்க சரிவராது எண்டு அறிக்கை குடுத்தாச்சு,” என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பதிவு வேலையும் இல்லை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன் வாடிக்குப் போய்விடுங்கள், பிறகு லொறி போய்விடும். குடை கொண்டுபோங்கள், அங்கே நிழல் இல்லை. பஸ்ஸுக்கு இருவருக்கும் போய்வர அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

நேற்று மெற்றில்டா அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

“அப்ப நாங்கள் வேண்டாமெண்டது பிழையோ பிள்ளை?”

“இல்லை அக்கா. உங்களுக்குக் காட்டினது முதலாம் அடுக்கு மட்டும்தான்.”