புத்தூர் வார்டுக்கு ஒரு ஹெட்போன்

வீரமலை தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே விசில் ஊதியே பாதி ஆயுசு போனது. சிறுநீரகம் பழுதான பிறகு டவுன் பஸ்ஸில் பயணியாகப் போய்வந்தார். வாரம் மூன்று நாள் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ்.

நாலு மணி நேரம் இடது கையில் ஊசிகளோடு அசையாமல் கிடக்க வேண்டும். மெஷின்கள் மாறி மாறிக் கூவும். டிவியில் சீரியல் அழும். பக்கத்துக் கட்டில் ஷரபுன்னிசா பாலக்கரைக்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இத்தனைக்கும் சேர்த்து வீரமலையிடம் ஒரு ஹெட்போன் இருந்தது. காதை மூடும். மடக்கினால் மருந்துப் பையின் ஓரத்தில் அடங்கிவிடும். ஒற்றைக் கையாலேயே விரித்து மாட்டலாம். பல நாள் அதில் எதுவுமே ஓடாது. மாட்டியிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், அதுவே அவருக்குப் போதும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ் நெரிசலில் பை நசுங்கி, மடங்கும் இடத்தில் அது உடைந்துபோனது.

மறுநாள் மெயின்கார்டு கேட் பக்கம் செல்போன் கடைகளில் ஏறி இறங்கினார். கொஞ்சம் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அப்ரார் என்ற பையனின் கடைக்குள் நுழைந்தார்.

அப்ரார் உடைந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த மாடல கம்பெனியே நிறுத்திட்டாங்கண்ணே. இப்பல்லாம் காதுக்குள்ள வைக்கிறதுதான் ஓடுது."

"காதுக்குள்ள வச்சா வலிக்குதுப்பா. கீழ விழுந்துட்டா எடுக்க இன்னொரு கை கிடையாது."

அப்ரார் எடுத்துக்காட்டிய ஒன்று மடங்கவில்லை. பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு இடம் இருக்காது. இன்னொன்று அழகாக மடங்கியது. விலையைக் கேட்டதும் வீரமலை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நம்பர் குடுத்துட்டுப் போங்கண்ணே. வந்தா கூப்பிடுறேன்."

வீட்டில் மனைவி ரெங்கம்மாள் ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் செய்தாள். வந்ததைப் பிரித்தால், காதில் வைக்கும் வட்டம் மட்டும் தட்டையாகத் திரும்பியது. தலைப்பட்டை மடங்கவில்லை.

"மடங்கும்னுதானங்க போட்டிருந்தான்" என்றாள் ரெங்கம்மாள்.

"திருப்பி அனுப்பிடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேறு கிடைக்கும்வரை வெறுங்காதோடுதான் வார்டுக்குப் போனார்.

"தம்பி, தலையில மாட்டுவீங்களே, அது எங்க?" என்றார் ஷரபுன்னிசா.

"உடைஞ்சு போச்சும்மா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று அவர் குவைத்தில் இருக்கும் மகனில் ஆரம்பித்தார். மருமகள், மாடி வீட்டுக்காரர், பிரியாணிக்கு அரிசி ஊறவைக்கும் பக்குவம் என்று போனது. வீரமலை கண்ணை மூடிக்கொண்டார். கேட்கவும் தெம்பில்லை, நிறுத்தச் சொல்லவும் தெம்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. ஓய்ந்துவிட்டார் என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஏதோ சரியில்லை என்று பட்டது. கண்ணைத் திறந்தார். ஷரபுன்னிசாவின் தலை தோளில் தொங்கியது, முகமெல்லாம் வேர்வை.

"சிஸ்டர்! இங்க ஓடி வாங்க!"

நர்ஸ் கனிஷ்கா ஓடிவந்து கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தி சலைன் ஏற்றினாள். பிரஷர் இறங்கிவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் ஷரபுன்னிசா கண் விழித்தார்.

"அல்லா உங்கள நல்லா வைக்கட்டும் தம்பி" என்றார். அடுத்த முறை வந்தபோது பழையபடி பேசினார். வீரமலைக்கும் பழையபடி அலுப்பாகவே இருந்தது.

வைகாசியில் அப்ரார் போன் செய்தான். "அண்ணே, ஒண்ணு வந்திருக்கு. சின்னப் பிள்ளைங்க ஆன்லைன் கிளாஸுக்கு மாட்டுறது. நல்லா மடங்குது, விலையும் கம்மி. ஆனா முயல் படம் போட்டிருக்கு."

தலைப்பட்டையைக் கடைசி வரை இழுத்துவிட்டால் வீரமலையின் தலைக்குச் சரியாக இருந்தது. வாங்கிவிட்டார். வார்டில் கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளின் காதுக்காகச் சத்தத்தைக் குறைத்தே செய்திருந்தார்கள். பாட்டு வைத்ததும் டிவி அமுங்கியது. பக்கத்துக் கட்டில் பேச்சு மட்டும் லேசாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நான் பேசுறது கேக்குதா தம்பி?"

"கேக்குதும்மா. நீங்க பேசுங்க, நான் தூங்குறேன்" என்று வலது கையால் போர்வையை இழுத்துக்கொண்டார் வீரமலை.