பள்ளிவாசல் வரிசையில் என் அத்தை

என் பெரியத்தா ஊருக்கெல்லாம் ஓதி ஊதினார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு மட்டும் ஊதவில்லை. அவள் பட்ட பாட்டுக்குக் காரணமும் அவர்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

பெரியத்தா என்றால் என் அத்தாவின் அண்ணன், பெரியப்பா. ஆவடிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பள்ளிவாசல் கமிட்டியில் அவர் சொன்னதுதான் நடக்கும். என் அத்தா தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பெரும்பாலும் இந்துப் பெண்கள். இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணீர்ச் சொம்பு. பயந்துபோன பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை, தூக்கத்தில் வீறிட்டு அழும் பிள்ளை. தொழுதுவிட்டு வெளியே வரும் ஆண்கள் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்து பிள்ளையின் முகத்தில் மெல்ல ஊதுவார்கள். சொம்புத் தண்ணீரிலும் ஊதுவார்கள். அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு மட்டும் என்றில்லை. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று பெரியவர்களும் வந்து தலையைக் குனிந்து நிற்பார்கள்.

பெரியத்தா வெளியே வந்தால் வரிசையே அவர் பக்கம் திரும்பும். அவர் ஊதினால் உடனே கேட்கும் என்று பெயர். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. பள்ளிக்கூடத்தில் எவளாவது தன் தம்பிக்குப் பள்ளிவாசலில் ஊதிக்கொண்டு வந்ததாகச் சொன்னால், ஊதினது எங்கள் பெரியத்தாதான் என்று குறுக்கே விழுந்து சொல்லிவிடுவேன்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது. அது பெரியத்தா போட்ட சட்டம். நமக்குத்தான் ஓதத் தெரியுமே, நாம் ஏன் தெருவில் நிற்க வேண்டும் என்பார்.

அந்த வருஷம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தாவுக்கும் பெரியத்தாவுக்கும் ஒரே தங்கச்சி. வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா தலாக் சொல்லிவிட்டார். அந்த ஊர் ஜமாஅத்தில் பேசித் தீர்க்கப் பெரியத்தா போனார். திரும்பும்போது அத்தையை ஒரு டிரங்குப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். அத்தைக்குத் தவழ ஆரம்பித்திருந்த ஒரு பையன் இருந்தான். அவன் வரவில்லை. எங்கே என்று கேட்டேன். அவன் அத்தா வீட்டில் இருக்கிறான், ரம்ஜானுக்கு வருவான் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு அத்தை வந்ததே போதும். தாயம் ஆட ஆள் கிடைத்துவிட்டது.

அத்தை தாயம் ஆடவில்லை. கழுவின பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவுவாள். சோறு தட்டில் காயும். அடுத்த வீட்டுப் பிள்ளை அழுதால் எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் அடிக்கடி நனைந்திருக்கும். குழாயடியில் தண்ணீர் தெளித்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா முருங்கைக்கீரை சமைப்பதை நிறுத்திவிட்டு, மல்லிகைப் பூவை அரைத்து மார்பில் கட்டச் சொன்னாள். அது எதற்கென்றும் நான் கேட்கவில்லை.

பெரியத்தா வாரம் ஒருமுறை வருவார். முன் அறையில் உட்காருவார். அத்தை அடுப்படியை விட்டு வரமாட்டாள். அவரும் கூப்பிட மாட்டார். அவளுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார். சபூர் செய்யச் சொல், பொறுத்துக்கொள்கிறவர்களோடுதான் அல்லாஹ் இருக்கிறான் என்பார். பிறகு கவலைக்கும் துக்கத்துக்கும் ஓதுகிற துஆ ஒன்றைச் சொல்லி, உன் அத்தைக்கு நீயே ஓதிக்கொடு என்றார். அந்த துஆவை அப்போதுதான் மதரஸாவில் எங்களுக்குப் பாடம் கொடுத்திருந்தார்கள். மூச்சு விடாமல் ஓதிக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பெரிய மனுஷிக்கு நான் உஸ்தாத் ஆகிவிட்டேன் என்ற குஷியில் அத்தையை உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் பாயில் தட்டினேன். அத்தை அடங்கி ஒடுங்கிச் சொன்னாள். அந்த துஆ அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம் என்று அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள்.

மதரஸாவில் எங்களுக்கு அர்த்தம் சொல்லித்தரவில்லை. வளர்ந்த பிறகு நானே தெரிந்துகொண்டேன். கவலை, துக்கம், இயலாமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டே போகும். கடைசியில், மற்ற மனிதர்கள் நம்மை அடக்கி ஆளுவதிலிருந்தும் காப்பாற்று என்று கேட்கும். அதைத்தான் பெரியத்தா அவளுக்கு மருந்தாகக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கு அர்த்தம் தெரியும்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருந்தாள். பக்கத்து ஊரான கோவில்பதாகையில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பெண். அவள் வீட்டுக்காரரும் அத்தா வேலை செய்த தொழிற்சாலையில்தான். அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூடப் பள்ளிவாசலுக்கு ஓடுகிறவள். ஒருநாள் துணி காயப்போடும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, உங்க நாத்தனாரு தூங்கவே தூங்காதா? எப்ப பாத்தாலும் லைட்டு எரிஞ்சிக்கினே கீது. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் உங்க பெரியவரு ஊதறாரு, ஊட்டுப் பொண்ணுக்கு ஊதுனா இன்னா?"

எங்கள் ஆட்கள் அங்கே நிற்பதில்லை என்று அம்மா இழுத்தாள்.

"எங்க ஜனம் நிக்கலாம், உங்க ஜனம் நிக்கக் கூடாதா? இன்னா ஞாயம்க்கா இது? சாமி உங்களுது, வரிசை எங்களுதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. குழாயடியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, "பெரியண்ணன் தெனமும் மஃரிபுக்கு அங்க வருவாரா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளாக வாய் திறந்து எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. வருவார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அடுத்த நாளே போவது என்று முடிவாயிற்று. அத்தாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், இரவில்தான் வீடு திரும்புவார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்யப்போகிறோம், அதுவும் பெரியத்தா கண்ணெதிரிலேயே, அவருக்குத் தெரியாமல். 

அத்தை வெளியே போகும்போது போடுகிற வெள்ளைத் துப்பட்டியைப் பெட்டியில் வைத்தாள். அக்காவின் பூப்போட்ட நைலக்ஸ் சேலையைக் கட்டினாள். அக்கா ஒரு ஸ்டிக்கர் பொட்டையும் கொண்டுவந்து நெற்றிக்கு நேரே நீட்டினாள். அத்தை அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "வேணாம்னா போ, மூஞ்சிய மூடிக்கினா யாருக்குத் தெரியப்போவுது" என்று அக்கா அதைத் தன் வளையலில் ஒட்டிக்கொண்டாள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தாள். "போறதுன்னா சீக்கிரம் போங்க. நான் யாரையும் பாக்கல" என்றாள்.

தொழிற்சாலை மதில் ஓரமாகவே நடந்தோம். சொம்பு என் கையில். எதிரே சைக்கிளில் வருகிற ஒவ்வொரு ஆளும் அத்தா மாதிரியே தெரிந்தார். நான் ஓடுவதும் நிற்பதுமாகப் போனேன். கடைத்தெரு முனையில் பாங்கு சத்தம் கேட்டதும் சொம்புத் தண்ணீரில் பாதியை என் பாவாடையிலேயே கொட்டிக்கொண்டேன். அக்கா டீக்கடையில் கெஞ்சி நிரப்பிக்கொடுத்தாள்.

கேட்டுக்கு வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. அங்கே போனதும்தான் பார்த்தேன், எல்லாப் பெண்களும் மரியாதைக்காக முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்கள். அத்தையும் போட்டாள். யார் எந்த வீட்டுப் பெண் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் கள்ளிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஜவுளிக்கடைப் பெரியவரிடம் ஊதிக்கொண்டதிலிருந்துதான் தன் பேரன் சோறு தின்கிறான் என்றாள். "அது எங்க..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு நான் அதுவரை வாங்கியதில்லை.

வெறுங்கையோடு நின்றால் சரியாகப் பார்க்காமல் போய்விடுவார்கள் என்று அக்கா தன் பிள்ளையை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை வாங்கின விதத்தைப் பார்த்து அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அத்தை கண்ணை மூடினாள். பிள்ளை அவள் கழுத்தில் வாயை வைத்துத் தேடியது. ஊதுவதற்கு முன்னாலேயே அத்தைக்குச் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

தொழுகை முடிந்தது. முதலில் பையன்கள் ஓடிவந்தார்கள். பிறகு பெரியவர்கள். அப்புறம் பெரியத்தா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. ஓதும்போது அவர் கண் பாதி மூடியிருக்கும். ஒவ்வொரு முகமாகக் குனிந்து ஊதிக்கொண்டே வந்தார். சொம்பை மறைத்துப் பிடிப்பதா நீட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கள்ளிக்குப்பத்துப் பேரனுக்கு ஊதினார். எங்கள் முன்னால் வந்தார். அத்தர் வாசனை அடித்தது. குனிந்தார். அத்தை கையிலிருந்த பிள்ளையின் முகத்தில் ஊதினார். பிள்ளை கண்ணைச் சிமிட்டியது.

அத்தை முந்தானையைத் தலையிலிருந்து தள்ளினாள்.

"இது பக்கத்து வீட்டுப் புள்ளைண்ணே," என்றாள். "என் புள்ளைக்கு யாரு ஊதுவாங்க?"

கத்தவில்லை. விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

பெரியத்தா கண்ணைத் திறந்தார். அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்து, நடுவில் நின்றது. அத்தை அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஊதுங்கள் என்று காட்டுவதுபோல் இருந்தது. அவர் ஊதவில்லை.  எங்களுக்குப் பின்னால் பிள்ளைகளோடு நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குள் போய்விட்டார்.

"இன்னாமே ஆச்சு, பெரியவரு ஊதாத போறாரு?" என்று பின்னாலிருந்தவர்கள் எங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். அக்கா ஒருத்தியோடு சண்டைக்கே போய்விட்டாள். அத்தை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் ஓதினது எங்கள் முறை வரும்போது தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ரேஷன் கடையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆளோடு மண்ணெண்ணெய் தீர்ந்துபோகுமே, அப்படி. மறுநாள் மதரஸாவில் ஹஜ்ரத்திடம், ஓதினது தீர்ந்துபோகுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தீராது, போய் உட்கார் என்றார். அப்படியானால் இன்னொரு நாள் போய் வரிசையில் முன்னால் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டேன். அத்தையிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள்.

இன்னொரு நாள் வரவில்லை. பெரியத்தா அத்தாவைக் கடைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அத்தை வாசல் தாண்டக் கூடாது என்று ஆயிற்று. ரம்ஜான் வந்தது, அவள் பையன் வரவில்லை. பெருநாள் கழிந்து, ராமநாதபுரம் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையை நிக்காஹ் செய்துவைத்தார்கள். பிள்ளையோடு இருந்தால் எவன் கட்டுவான் என்றுதான் பெரியத்தா முதலிலேயே பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது எனக்கே கைப்பிள்ளை இருந்தது. என் ரவிக்கையும் நனைந்திருந்தது. அன்றைக்குத்தான் குழாயடித் தண்ணீர் என்ன தண்ணீர் என்று எனக்குப் புரிந்தது.

மார்க்கத்தின் மேல் பழி போட யாரும் வரவேண்டாம். நான் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறேன். பால்குடிப் பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அது கமிட்டியில் இருந்த பெரியத்தாவுக்குத் தெரியாதா? வரிசையில் தீர்ந்துபோனது ஓதல் இல்லை. தங்கச்சி முகத்தைப் பார்த்து ஊதுகிற தைரியம்தான் அவரிடம் இல்லை. ஒன்பது, பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரியத்தா இப்போதும் இருக்கிறார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய்த் தொழவைக்கிறார்கள். இப்போதும் பெண்கள் அவருக்காக நிற்கிறார்கள். நான் தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தேன். "பழச எதுக்கும்மா கிளர்ற, சபூர் செய்" என்றார். அதனால் இனித் தனியாகக் கேட்கப்போவதில்லை.

பெரியத்தா, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தே மைக்கை வாங்குங்கள். ஒரு தாயைக் கேட்காமல் அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வர உங்களுக்கு எந்த மார்க்கக் கிதாபு அனுமதி தந்தது என்று ஜமாஅத் முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அத்தை உயிரோடுதான் இருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லி, அவளுக்குச் சொல்லுங்கள்.