ஸ்பிரிங்வெளிக்கு ஏறிய மழைக்காலை

கல்யாணமாகிக் கப்பலேறிப் பதுளைக்கு வந்தபோது மலை என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ராமநாதபுரத்துப் பொட்டலில் வளர்ந்தவள். இங்கே காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே நுழைந்து அடுப்படிவரை போகும். விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்று தெரியாமலேயே பல நாள் வேலை செய்திருக்கிறேன்.

எங்கள் பலசரக்குக் கடைக்கு அடுத்தது துணிக்கடை. கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம் தம்பதி நடத்தினார்கள். அந்த அம்மாளை லாத்தா என்பேன். அவர்கள் ஊரில் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

முதல் மார்கழியில் மழை விடவே இல்லை. மலை சரிந்து பாதையை மூடியது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சரக்கு கொண்டுபோன என் கணவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்ததும் லாத்தா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தனியா ஏன் கெடக்குறே தங்கச்சி? எந்திரி."

தன் வீட்டு மச்சில் எனக்கென்று புதுச் சட்டி தந்து தனியாகப் பொங்கச் சொன்னாள். மறுநாளே அவள் சட்டியில் சாப்பிட்டேன். கீழே தண்ணீர் சலசலக்க, அவள் தன் ஊர்க் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மச்சு தோணியாக மிதப்பதுபோல் இருக்கும்.

அடுத்த வைகாசியில் கலகம். கண்டிப் பக்கம் சிங்களவர்கள் முஸ்லிம்களின் கடைகளை உடைக்கிறார்கள் என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். சீக்கிரமே எங்கள் தெருவிலும் கூட்டம் சேர்ந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் லாத்தாவும் அவள் கணவரும் பின்கதவைத் தட்டினார்கள்.

"ஸ்பிரிங்வெளி தோட்டத்துக் கங்காணி நமக்கு வேண்டியவரு. அங்க போயிட்டா பயமில்ல" என்றார் என் கணவர். சரக்கு வண்டியில் சாக்குகளுக்கு அடியில் லாத்தாவின் கணவரைப் படுக்கவைத்து முன்னால் ஓட்டிப்போனார்.

நான் குங்குமச் சிமிழை எடுத்தேன். "பொட்டு வச்சுக்கங்க லாத்தா."

அவள் என் கையை மெதுவாக ஒதுக்கினாள். "அது மட்டும் என்னால ஆகாது."

வெளியே தூறல். மழைக்குத் தோட்டத்துப் பெண்கள் தலையில் போடும் கறுப்புக் கம்பளிகள் கடையில் இருந்தன. ஆளுக்கொன்றைப் போர்த்திக்கொண்டு இறங்கினோம். பாலத்தில் தடிகளோடு நின்றவர்களில் ஒருவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். "வத்தட்ட" என்றேன். தோட்டத்துக்கு என்ற அந்த ஒரு சொல்தான் என் வாயில் வந்தது. அவன் விலகினான்.

அப்புறம் மேகத்துக்குள் நடந்தோம். தேயிலையும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. அவள் உதட்டில் அவள் ஓதல், என் உதட்டில் கதிர்காமத்தான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கங்காணியின் மனைவி, "இது யாரும்மா?" என்றாள்.

"எங்க அக்கா."

அவள் லாத்தாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அக்கான்னா உள்ள வாங்க. கம்பளிய அடுப்புப் பக்கம் காயப் போடுங்க."

வண்டி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அன்று மாலை பள்ளத்தில் எழுந்தது புகையா, பனியா என்று லாத்தா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பட்டாளம் வந்து ஊர் அடங்கியபோது துணிக்கடையில் சுவர்தான் மிச்சம். லாத்தாவும் அவள் கணவரும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

சில வருடம் கழித்து நான் ஊருக்குப் போனபோது கீழக்கரையில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடற்கரையில் உட்கார்ந்தோம். எங்கள் பதுளைத் தெருவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, மணலை அள்ளி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.