பின்சீட்டில் காணாமல் போன பூட்டு

எங்கள் முதல் கார் வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து அதன் பூட்டில் செருகிப் பார்த்தேன். 'டக்' என்று விழுந்தது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த சின்னக் கார்தான். ஆனாலும் அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு நிம்மதி.

பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். ஒன்பதாம் மாதத்தில் புசல்லாவையில் என் அம்மா வீட்டுக் கோயிலில் மொட்டை அடிப்பது என்று முடிவாகியிருந்தது. என் தம்பி, அதாவது பாப்பாவின் தாய்மாமன், மடியில் வைத்துக்கொள்வதற்காகவே கொழும்பிலிருந்து லீவு போட்டு வருவதாக இருந்தான். நாங்கள் இருக்கும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வழியாகப் போகும் அந்தப் பாதைதான் பாப்பாவின் முதல் நீண்ட பயணம். கம்பளைக்கு மேலே வளைவுகள் எப்படி இருக்கும் என்று அதில் பஸ்ஸில் போய்ப் படித்த எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பஸ் நம்மை நோக்கி வரும்.

குழந்தைக்கென்று தனி இருக்கை இல்லாமல் அந்தப் பாதையில் போவதில்லை என்று நான் சொன்னபோது, என் கணவர் உடனே சரி என்றார். மாமியார்தான் பாக்கு வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமன் மடியில வச்சு மொட்ட அடிக்கலாம். பாட்டி மடியில வச்சுக் கூட்டிக்கிட்டுப் போகக்கூடாதா?"

"அதுக்கில்ல அத்தை. திடீர்னு பிரேக் போட்டா கையில பிடிக்க முடியாது. எவ்வளவு பலமா பிடிச்சாலும் நழுவிடும்."

"நான் மூனு புள்ளையள கொண்டைய பிடிச்சி வளர்த்தேனா? மடியிலதான் வளர்த்தேன்."

அதைவிடப் பெரிய சிக்கல், இருக்கை பின்பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்று நான் சொன்னதில் வந்தது. "வந்த வழிய பாத்துக்கிட்டே போகுமா புள்ள? போற எடத்த பாக்கவேணாமா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று அப்போதே தெரிந்திருந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இருக்கை கிடைத்து, அது காரில் சரியாகப் பொருந்தினால் பாப்பா அதில் வருவாள். பொருந்தாவிட்டால் அத்தை மடி.

அதற்குப் பிறகு நான் தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கார் சீட்டைப் பற்றியே படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் கூடியது. பெல்ட் தோளுக்கு மேலே இருந்தாலும் பிழை, கீழே இருந்தாலும் பிழை, எந்த வயதுக்கு எது என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். கண்டி நகரத்துப் பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்க வந்தவள்போல அந்தப் பக்கம் நகர்ந்தேன். நான் படிப்பிக்கும் பாடசாலையில் கூட வேலை செய்யும் ஒரு டீச்சர், தன் மகன் பாவித்ததைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி வாய் மூடும் முன் அவரே சொன்னார்: "ஒரு தடவ லேசா இடிபட்டதுதான், ஒன்னும் ஆகல்ல." அதோடு என் மனம் பின்வாங்கிவிட்டது. இடிபட்ட சீட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம் என்று படித்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? 'வீட்டில் வேறு பார்த்துவிட்டார்கள்' என்று பெண் பார்க்க வந்தவர்களைத் தட்டிக்கழிப்பதுபோலச் சொல்லித் தப்பினேன்.

பயணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு மடவளைக்குப் பஸ் ஏறினேன். காரில் போயிருக்கலாம். ஆனால் என் கணவர் காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு, "ஒரு வேல இருக்கு, பின்னேரம் பாரு" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போயிருந்தார். பிரேக் பார்க்கக் கொடுக்கிறார்போல என்று நினைத்து அவரை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மடவளையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. உள்ளே சைக்கிள், மின்விசிறி, மீன் தொட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் குழந்தை இருக்கைகள் குவிந்து கிடந்தன. கடைக்காரரை அங்கே எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதலில் எடுத்து வைத்தது இளஞ்சிவப்பு நிறத்தில் முயல் காது வைத்தது. எனக்கே அதில் உட்காரவேண்டும்போல இருந்தது. துணி உறையைக் கழற்றலாமா என்று கேட்டேன்.

"கழட்டுங்க தங்கச்சி. பழைய சாமான், ஆனா ஜப்பான் சாமான்."

கழற்றினேன். வெள்ளை நுரைப்பலகையில் குறுக்காக ஒரு பிளவு, அதன்மேல் ஒட்டுநாடா. முயல் காதை நீவிவிட்டுக் கீழே வைத்தேன். அடுத்ததில் பெல்ட் வேறு ஏதோ சீட்டில் இருந்து மாற்றிப் போட்டது. அதற்கடுத்ததில் ஒட்டியிருக்கவேண்டிய லேபிளே இல்லை. நான் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் பிளாஸ்டிக்கில் பதித்த வருடத்தைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தேடினேன்.

"தங்கச்சி சீட் வாங்க வந்தீங்களா, போஸ்ட்மோட்டம் செய்ய வந்தீங்களா?" என்றார் நானா.

"பிள்ளைக்கு நானா."

"எங்கட மகள்ட புள்ளய பாக்கணுமே நீங்க. மோட்டர் சைக்கிள்ல பெற்றோல் தாங்கி மேல ஒக்காந்து போறான், ராஜா மாதிரி."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. எல்லாம் அளவுக்கு மீறிய பயமோ, அத்தை சொல்வதுதான் சரியோ என்று கடை வாசலைப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார் போலும். குரலை இறக்கி, "புதுசு ஒன்னு இரிக்கி. ஆனா அத யாரும் எடுக்கிறாங்க இல்ல" என்று உள்ளே போனார்.

பெட்டி மழையில் நனைந்து காய்ந்து, வெளியில் படமெல்லாம் உரிந்திருந்தது. உள்ளே பாலித்தீன் பிரிக்காத ஒரு சீட். சாம்பலும் இல்லாமல் மண்ணிறமும் இல்லாமல், கழுவாத உருளைக்கிழங்கின் நிறம். முயல் காது கிடையாது. ஆனால் லேபிள் இருந்தது, சோதித்துத் தேறியதற்கான முத்திரை இருந்தது, வருடம் புதிது, பெல்ட் தொழிற்சாலையில் கோர்த்தபடியே இருந்தது, பிறந்த குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்தும் வளர்ந்தபின் முன்பக்கம் பார்த்தும் வைக்கலாம். நனைந்ததால் நுரை கெட்டிருக்குமோ என்று அதையும் கழற்றிப் பார்த்தேன். உலர்ந்து முழுசாக இருந்தது. விளக்கப் புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் படங்கள் தெரிந்தன. பெட்டியும் நிறமும் சரியில்லாததால் விலை எங்களுக்கு எட்டும் விலை. மாப்பிள்ளை பிடித்துவிட்டதுபோல ஒரு சந்தோஷம்!

பஸ்ஸில் அதைக் கட்டி அணைத்துக்கொண்டு ஏறியபோது நடத்துனர் ஒரு தடவை என்னையும் ஒரு தடவை அதையும் பார்த்தார்.

"எங்க பஸ்ல சீட் இல்லன்னு வீட்டிலிருந்தே கொண்டு வந்திட்டீங்களா அக்கா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை அந்தச் சிரிப்பு என் முகத்தில் இருந்திருக்கவேண்டும்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அதன் பக்கத்தில் என் கணவர், நான் சீட்டைத் தூக்கி வருவதைக்கூடக் கவனிக்காத பரவசத்தில் நின்றார். "கண்ண மூடு" என்றார். மூடினேன். கதவைத் திறந்து, "இப்ப பாரு" என்றார்.

உள்ளே எல்லாச் சீட்டுக்கும் புது ரெக்சின் உறை. செம்மண் நிறம், ஓரத்தில் தங்க நூல் தையல், முதுகில் வைரக்கட்டம் போட்டது. "பாப்பா பால் கக்கினாலும் துடைச்சிடலாம். அதுக்குத்தான் போட்டேன். ஒரு கிழமையா சொல்லி வச்சி, இன்னைக்கி நானே பக்கத்தில இருந்து தைச்சி வாங்கினேன்."

அழகாகத்தான் இருந்தது. அதை நான் மனதாரச் சொன்னேன். சொல்லிக்கொண்டே சீட்டைப் பின்பக்கம் வைத்து, மேலேயிருந்து பெல்ட்டை இழுத்து, படத்தில் காட்டியபடி கோர்த்து, பூட்டைத் தேடினேன். கையில் வழுவழுப்புத்தான் பட்டது. உட்காரும் பாகத்துக்கும் சாயும் பாகத்துக்கும் இடையில் முன்பு ஒரு பிளவு இருந்தது, அதிலிருந்துதான் பூட்டுகள் எட்டிப்பார்க்கும். இப்போது உறை இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாக மூடியிருந்தது.

"பெல்ட் லொக் எங்கங்க?"

அவர் முகம் மெல்ல மாறியது. "அடியில தள்ளி விட்டாங்க. வெளிய நின்னா உறை சமமா ஒக்காராதுன்னு. பின்னால யாரு பெல்ட் போடுறான்னு கேட்டாங்க... நானும் சரின்னேன்."

இது எங்கள் ஊரில் ஒருவர்கூடப் பிழை என்று சொல்லாத பிழை. எத்தனை கார்களின் பின்சீட்டில் உட்கார்ந்து, உறைக்கு அடியில் இடுப்பை உறுத்தும் அந்தக் கட்டியை என்னவென்று கேட்காமல் நானே போயிருக்கிறேன்!

உறை தைத்த கடைக்காரருக்குப் போன் செய்தோம். பூட்டிவிட்டார்கள், இனித் திங்கட்கிழமைதான். "முன்சீட்ல பெல்ட் இருக்கே, அங்க வைப்போமா?" என்றார் கணவர். முன்னால் காற்றுப்பை இருக்கிறது, அது வெடித்து விரிந்தால் பின்பக்கம் பார்த்த சீட்டைத்தான் முதலில் தாக்கும் என்றேன். அவர் மறுக்கவில்லை. மறுக்காமல் வைரக்கட்டங்களைத் தடவிக்கொண்டே நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதைக் கிழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழிக்காமல் நாளைக்கு அந்த வளைவுகளில் போகவும் மனம் வரவில்லை. தம்பி வந்து காத்திருப்பான், கோயிலில் நேரம் குறித்தாகிவிட்டது. ஒப்பந்தப்படி பார்த்தால் சீட் பொருந்தவில்லை. அத்தைக்கே வெற்றி.

அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கத்தரிக்கோல், ஊசி, தடித்த நூல், துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டி. அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குச் சட்டை தைப்பவர் அவர்.

"அம்மா, வேணாம்மா, புதுசு" என்றார் கணவர்.

"சும்மா இருடா. துணிய வெட்டாம சட்டை தைக்க முடியுமா? பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மாதிரி எடுத்தா முடிஞ்சிச்சி."

"அத்தை, நீங்கதானே மடியில..." என்று இழுத்தேன்.

"ஆசைதான். ஆனா நீ நாளைக்கி பூரா ரோட்டையும் என் கையையும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு, மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு வருவ. அத பாக்கவா நான் புசல்லாவ வாறேன்?"

ரெக்சினுக்கு மேலே விரலால் தடவிக் கட்டியைக் கண்டுபிடித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரே வெட்டு. என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை உள்ளே விட்டுத் துழாவினேன். குளிர்ந்த பிளாஸ்டிக் விரலில் பட்டது. மேலே இழுத்து, பெல்ட்டைச் செருகினேன். டக்! நான் கத்தியே விட்டேன். பாப்பா திடுக்கிட்டு, பிறகு கை தட்டினாள். அத்தை ஓட்டையின் ஓரத்தை நெருக்கமாகத் தைத்து முடித்தபோது, தங்க நூல் இல்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

பிறகு நான் முழங்காலைச் சீட்டில் ஊன்றி அழுத்த, கணவர் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். அடியில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். "கார் அசையுது, அது அசையல்ல. போதும்" என்றார் அவர், சிரித்துவிட்டு.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். சீட்டுக்கு இடம் விட முன்சீட்டை முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. பாப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் உட்காருவேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். கதவைத் திறந்து ஒரு காலை வைத்தபிறகு என்னவோ தோன்றி, "நீங்க பாப்பா கிட்ட இருங்க அத்தை" என்றுவிட்டு முன்னால் போய், முழங்கால் இடிபட உட்கார்ந்தேன். அத்தை மற்றப் பூட்டுக்கும் முதல் நாளே காஜா எடுத்திருந்தார், தன் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டார். கம்பளை தாண்டிக் குளிரத் தொடங்கியதும் கம்பளிச் சட்டையை எடுத்தார். சட்டை தடித்தால் உள்பெல்ட் தளர்ந்துவிடும் என்று நான் திரும்புவதற்குள், "தெரியும் தெரியும், நேத்து பூரா சொன்னியே" என்று அதைப் பெல்ட்டுக்கு மேலே போர்வையாகப் போட்டுவிட்டார்.

ஒரு வளைவில் பஸ் ஒன்று எங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். என் கை காற்றில் பின்னால் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தையின் இரண்டு கைகளும் சீட்டுக்கு முன்னால் விரிந்து நின்றன. அந்தக் கைகளுக்கு அப்பால், கழுவாத உருளைக்கிழங்கு நிறத்துக்கு நடுவே, பாப்பா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அத்தை கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு, "முழிக்கவே இல்லையே புள்ள" என்றார்.

கோயிலில் தம்பியின் மடியில் மொட்டை நடந்தது. பாப்பா அழுத அழுகை மலை முழுவதும் கேட்டிருக்கும். அம்மா வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது காரைப் பார்க்க வந்த பெண்களிடம் அத்தை உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்: "இல்லல்ல, பின்பக்கம் பாத்துத்தான் வைக்கணும். முன்னுக்கு வச்சா புள்ள கழுத்து தாங்காது. நாங்க அப்படித்தான் வைக்கிறது."

திரும்பும்போது பாப்பாவை நான்தான் சீட்டில் வைத்தேன். மொட்டைத் தலையில் அப்பியிருந்த சந்தனம் புதுச் சீட்டின் தலைப்பக்கமெல்லாம் மஞ்சளாக ஈரமாக ஒட்டியது. துடைக்க வராத துணி. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு ரெக்சின் உறை போடுவமா?" என்றார்.

"போட்டுப் பாரு" என்றார் அத்தை, தன் பெல்ட்டை இழுத்துக்கொண்டே. "கத்தரிக்கோல் பேக்லதான் இருக்கு."